கொள்ளைநோய்க் கட்டு: 21 நாள், 150 ரூபாய், ஒரு பெரிய குறை

ராமநாதபுரத்தில் வாடகை நூலகமும் ஜெராக்ஸ் கடையுமாக நடக்கும் ஓர் இடத்தில், வாசகர் வட்டங்களுக்கென்று ‘கொள்ளைநோய்க் கட்டு’ தருகிறார்கள். ஸ்பைரல் போட்ட ஆறு புத்தகங்கள், மொத்தம் 384 பக்கம், எல்லாம் தமிழில். வாடகை 150 ரூபாய், முன்பணம் 600, தவணை 21 நாள். பக்கம் 2 ரூபாய் என்று நாமே நகலெடுத்தால் 768 ஆகும் என்பதால் விலையில் குறை சொல்ல இடமில்லை.

உள்ளே இருப்பவை: கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய ஏதென்ஸ் கொள்ளைநோய் (கி.மு. 430), 16 பக்கம். பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ முன்னுரை, 28. டேனியல் டிஃபோ 1722இல் வெளியிட்ட லண்டன் பிளேக் குறிப்பு, சுருக்கம், 150. இத்தாலிய எழுத்தாளர் மான்சோனியின் நாவலில் 31, 32ஆம் அத்தியாயங்கள், 62. எட்கர் ஆலன் போவின் ஒரு சிறுகதை, 14. ஆல்பேர் காம்யூவின் ‘கொள்ளைநோய்’ நாவலிலிருந்து தேர்ந்த பகுதிகள், 114.

மேலட்டையில் ‘நோய் வந்தால் மனிதன் மிருகமாகிறான்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆறு புத்தகத்தையும் படித்த யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். துசிடிடீஸ் மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்கிறார். மற்றவர்களின் மனிதர்கள் மிருகமாவதில்லை, கணக்குப் போடுகிறார்கள். இன்று வேலைக்குப் போகாவிட்டால் பசி, போனால் நோய், எது முந்தும்? வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று சொன்னால் மருந்து வருமா, பூட்டு வருமா? 2020இல் கொரோனா வந்தபோது நம் தெருக்களில் நடந்ததும் இந்தக் கணக்குதான். அட்டையைக் கிழிக்க முடியாது, முன்பணம் போய்விடும். திருப்பி வைத்துவிட்டுப் படியுங்கள்.

எண் வரிசைப்படி படிக்காதீர்கள். மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். டிஃபோவைத்தான் கட்டின் முதுகெலும்பு என்று சொல்ல வேண்டும். லண்டனில் பிளேக் வந்த 1665இல் அவருக்கு ஐந்து வயது இருக்கும். பிறகு ஆவணங்களைத் திரட்டி, ‘எச்.எஃப்.’ என்ற ஒரு வியாபாரி சொல்வதுபோல் எழுதினார். உணர்ச்சி குறைவு, விவரம் அதிகம். கறிக்கடையில் வாங்குபவர் கொக்கியிலிருந்து தானே கறியை எடுத்துக்கொள்கிறார். கடைக்காரர் காசைத் தொடாமல் வினிகர் நிறைந்த சட்டியில் போடச் சொல்கிறார். மீதி வாங்க நேராதபடி சனங்கள் சில்லறையோடு போகிறார்கள். நோயுள்ள வீட்டின் கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவை. பகலுக்கு ஒரு காவலாள், இரவுக்கு ஒருவர். வீட்டுக்காரர்களோ காவலாளை மருந்து வாங்க அனுப்பிவிட்டுப் பின்வாசலால் வெளியேறுகிறார்கள். நலமாக இருப்பவரையும் நோயாளியோடு சேர்த்துப் பூட்டினால் மற்றவர்கள் நோயை மறைக்கத்தான் செய்வார்கள் என்று டிஃபோ வாதாடுகிறார். வாசலில் ஸ்டிக்கர், தெருமுனையில் தகரமும் சவுக்குக் கம்பும் பார்த்தவர்களுக்கு இந்த 20 பக்கம் போதும், கட்டுக்குக் கொடுத்த காசு தேறிவிடும்.

எண்களை அவர் நம்பாத விதமும் கவனிக்க வேண்டியது. வாராந்தர இறப்புப் பட்டியலில் பிளேக் குறைவாக இருக்கும்போது மற்றக் காய்ச்சல்களின் கணக்கு வழக்கத்தைவிட ஏறுவதை எடுத்துக் காட்டுகிறார்: குடும்பங்கள் வேறு நோய்ப் பெயர் எழுத வைத்திருக்கின்றன. அந்த ஆண்டின் அதிகாரக் கணக்கு 68,000 சொச்சம். டிஃபோவின் மதிப்பு ஒரு லட்சம். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2020, 2021 இரண்டு ஆண்டுக்கும் இந்தியாவில் மிகை இறப்பு, அதாவது வழக்கமாக நேர்வதற்கு மேல் நேர்ந்த சாவு, 47 லட்சம் என்றது அது. அதிகாரக் கணக்கு சுமார் 4.81 லட்சம். அரசு அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே பேசுங்கள். இறுதிப் பகுதியில் பட்டியல் இறங்கத் தொடங்கியதும் லண்டன்காரர்கள் கடையைத் திறந்து, யாரோடும் கைகொடுத்து, மருத்துவர்கள் எச்சரித்தும் கேளாமல் திரிய, நவம்பர் முதல் வாரத்தில் இறப்பு 400 கூடுகிறது. 2021 தொடக்கத்தில் நாம் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது.

தலைப்பில் சொன்ன குறை இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. தேம்ஸ் நதிப் படகோட்டியின் பகுதியை வெட்டிவிட்டார்கள். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் நோய்க்குத் தப்பி அடைந்திருக்கும் குடும்பங்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன். வீட்டில் நோய் என்பதால் கரையேறித் தங்குவதில்லை, இரவும் படகிலேயே. சம்பாதித்ததை ஓர் அகன்ற கல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நின்று மனைவியைக் கூப்பிடுகிறான். அன்று வைத்தது நான்கு ஷில்லிங். குடும்பத்தை இப்படி விட்டுவிட்டாயே என்று கேட்டவருக்கு, நான் அவர்களுக்காகத்தானே உழைக்கிறேன் என்கிறான். கேட்டவர் கண்கலங்கி இன்னொரு நான்கு ஷில்லிங் கொடுக்கிறார். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வாசிக்கப்போகும் கட்டில் படகோட்டியையா வெட்டுவது? விசைப்படகுகள் ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடப்பது இங்கே பழகிய கதை. 2020இல் மார்ச் 25லேயே ஊரடங்கு வந்துவிட்டதால் தடைக்காலத்தை மே 31ஓடு முடித்து 47 நாளாகச் சுருக்கினார்கள். அந்த மாதங்களில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே போட்ட கணக்கைப் பற்றி இந்தக் கரை வாசகரைப் பேசவைக்க இதைவிடப் பொருத்தமான பகுதி ஆறு புத்தகத்திலும் கிடையாது.

மான்சோனியை அடுத்து எடுங்கள். 1630, மிலான். நோய்க்குப் பெயர் வைக்க அதிகாரிகள் படும் பாடுதான் முதல் அத்தியாயம்: முதலில் பிளேக்கே இல்லை, பிறகு கொடிய காய்ச்சல், பிறகு ஒருவகையில் பிளேக், கடைசியில் பிளேக்தான், ஆனால் எவனோ விஷம் தடவியது. எச்சரித்த வயதான மருத்துவரையே கூட்டம் மறிக்கிறது. ஜூன் 11இல் புனிதரின் உடலோடு பெரிய ஊர்வலம் போகிறார்கள். மறுநாளே சாவு ஏறுகிறது. கூடிய கூட்டம்தான் காரணம் என்று பெரும்பாலோர் சொல்லவில்லை, கூட்டத்துக்குள் விஷப்பொடி தூவிவிட்டார்கள் என்கிறார்கள். சுவரில் தைலம் பூசினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட இருவரைச் சித்திரவதை செய்து கொன்று, அவர்களில் முடிதிருத்துபவரின் வீட்டை இடித்து அங்கே ஒரு தூண் நட்டார்கள். 1778 வரை அது நின்றது. 2020 ஏப்ரலில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தவர்களை வைத்து ஒரு சமயத்தாரையே நோயாகப் பேசியதும், அதே மாதம் சென்னையில் நோயால் இறந்த மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்ததும் கீழக்கரையிலும் தொண்டியிலும் மறந்திருக்காது. விவாதம் சூடாகும் இடம் இது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல், வதந்தி எந்த வழியில் வந்தது என்பதை மட்டும் பேசுவது என்று முன்பே ஒப்புக்கொண்டு உட்காருங்கள்.

துசிடிடீஸில் தவறவிடக்கூடாத ஓர் இடம்: பழைய வாக்கு ஒன்றில் வருவது கொள்ளைநோயா பஞ்சமா என்று ஏதென்ஸ்காரர்கள் சண்டை போடுகிறார்கள். கிரேக்கத்தில் இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. நோய் வந்திருப்பதால் நோய் என்றே நினைவுகூர்கிறார்கள், நாளை பஞ்சம் வந்தால் பஞ்சம் என்று பாடுவார்கள் என்கிறார் அவர். ‘அன்றே சித்தர் சொன்னார்’ வாட்ஸ்அப் செய்திக்கு 2,400 ஆண்டு முந்திய பதில். நோய் வந்து பிழைத்தவர்கள்தான் மற்றவர்களைப் பயமின்றிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அங்கேதான் இருக்கிறது; அட்டை வாசகத்துக்கு நேர் எதிர்.

பொக்காச்சியோவில் நான்குவகை நடத்தைகளைச் சொல்லும் மூன்று பக்கம் போதும். போ நன்றாக எழுதிய பேய்க்கதை, இந்தக் கட்டுக்கு அவசியமில்லை.

காம்யூ பகுதி எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை, குறை தேர்வில். தத்துவப் பேச்சுகளை வைத்துக்கொண்டு அன்றாடத்தைக் குறைத்துவிட்டார்கள். நல்லவேளை, தொற்றைத் தடுக்கும் என்று நம்பி ஊரே வாங்கியதால் மருந்துக்கடைகளில் புதினா மிட்டாய் தீர்ந்துபோகும் வரி தப்பியிருக்கிறது. கபசுரக் குடிநீர்ப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்ற ஊர் நம்முடையது. ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்தது வாக்கியங்களில் தெரிகிறது, ‘அது என்னவென்றால்’ பக்கத்துக்கு நாலு.

கட்டில் இல்லாதது இந்தக் கரை. ‘கொள்ளையில போவான்’, ‘பேதியில போறவனே’ என்று வசவிலேயே நோய்க்காலத்தைச் சேமித்து வைத்திருக்கும் மொழிக்கு ஏழாவதாக ஒரு புத்தகம் சேர்த்திருக்கலாம். கோயில் கடைகளில் சின்னப் புத்தகமாக விற்கும் மாரியம்மன் தாலாட்டு ஒன்று போதும். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் வரமாட்டார்; வீட்டில் தாளிப்பு இல்லை; தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நடமாட்டம் இல்லை. லண்டன் சிலுவை செய்த வேலையேதான். ஆனால் ‘அம்மா வந்திருக்கா’ என்ற சொல்லில் நோயாளி குற்றவாளி ஆகவில்லை. அதே பயபக்தி அம்மைத் தடுப்பூசிக்குக் கைநீட்டச் சிலரைத் தயங்கவைத்தது என்பதையும் மறைக்க வேண்டாம். மண்டபம் கேம்ப் பற்றியும் ஒரு தாள் இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தனுஷ்கோடிக் கப்பலுக்கு முன் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, காலரா, பிளேக் இருக்கிறதா என்று பார்த்த முகாம் அது. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்தியது. ரயில் நிலையத்தின் பெயரில் இன்னும் இருக்கிறது.

ஆறுபேர் கொண்ட வட்டத்துக்கு 21 நாளைப் பிரிக்கும் முறை: முதல் பத்து நாள் டிஃபோ, நாளுக்கு 15 பக்கம். அடுத்த நான்கு நாள் மான்சோனி. துசிடிடீஸும் பொக்காச்சியோவும் இரண்டு நாள். மீதி காம்யூ. கூட்டம் மூன்று போதும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன செய்தார்கள், எதற்குப் பயந்து, யாருக்குச் செலவு, நம் ஊரில் அதற்கு ஈடு. நான்காவதை முதலில் நிரப்பினால் புத்தகம் மூடிவிடும், பேச்சு முழுக்கச் சொந்தத் துக்கமாகிவிடும். அதைக் கடைசி அரை மணிக்கு வையுங்கள். மருத்துவ யோசனைகளை அப்படியே பொருத்தாதீர்கள். பிளேக் பாக்டீரியா, தெள்ளுப்பூச்சி வழி. கொரோனா வைரஸ், மூச்சுக்காற்று வழி. லண்டனில் நோய்க்குப் பயந்து நாய்களோடு பூனைகளையும் கொன்று தீர்த்தார்கள்; எலிக்குக் கொண்டாட்டம்.

எழுத்து 10 புள்ளி, வயதானவர்களுக்குச் சிரமம். பிளாஸ்டிக் ஸ்பைரல் என்பதால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கவில்லை, நல்ல முடிவு. ஆனால் மேலே போட்ட கண்ணாடித் தாள் வெயிலில் இளகி ஜெராக்ஸ் மையை உரித்துக்கொள்கிறது. இரண்டாவதில் முதல் பக்கம் பாதி இல்லை. உள்ளே ஒரு வெள்ளைத் தாள் செருகி வையுங்கள், பைக் பெட்டியில் வெயிலில் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தால் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும்.

படகோட்டிப் பகுதியை அவர்கள் மொழிபெயர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், பக்கம் கூடுகிறதென்று கட்டில் சேர்க்கவில்லை. கேட்டால் தனியாக ஜெராக்ஸ் போட்டுத் தருகிறார்கள். 9 பக்கம், 18 ரூபாய். அதை வாங்காமல் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறாதீர்கள்.