இரண்டு தெரேசாக்கள்: யாரிடம் முதலில் போகலாம்?

அவிலா தெரேசா, குழந்தை தெரேசம்மாள் இருவரும் செபத்துக்கு வழிகாட்டும் புனிதர்கள்; கத்தோலிக்கத் துறவற சபையான கார்மேல் சபையைச் சேர்ந்த துறவிகள். போதனையில் சிறந்த புனிதர்களுக்குத் திருச்சபை தரும் மறைவல்லுநர் பட்டம் முதலாமவருக்கு 1970-இலும் மற்றவருக்கு 1997-இலும் கிடைத்தது. ஆனால் வாழ்ந்த விதம் அடியோடு வேறு.

ஸ்பெயினின் அவிலா தெரேசா (1515–1582) ஓரிடத்தில் உட்கார்ந்தவர் அல்ல. தளர்ந்துபோன சபை ஒழுங்கைச் சீர்திருத்தக் கிளம்பி, 1562-இல் அவிலாவில் முதல் மடத்தைத் தொடங்கினார். உடம்புக்கு முடியாத நிலையிலும் வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஊர் ஊராகப் போனார். செபத்தை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாக விளக்கி எழுதியதும் அவரே. அடுப்படிப் பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்குச் சொன்னவரும் அவரே.

பிரான்சின் குழந்தை தெரேசம்மாள் 15 வயதில் லிசியே மடத்துக்குள் போனார். காசநோயில் 1897-இல் இறந்தபோது வயது 24. இடையில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறித்தது. விலகி முகத்தைத் துடைக்கத்தான் முதலில் தோன்றியது. துடைக்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார். சின்னச் சின்ன விஷயங்களை அன்போடு ஏற்பது: இவர் காட்டிய ‘சிறு வழி’ இவ்வளவுதான். மடத்தை விட்டு வெளியே போகாத இவரை 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார்கள், கடல் கடந்து போய் மறைபரப்பிய பிரான்சிஸ் சவேரியாருக்கு இணையாக!

வீட்டு வேலை, ஆபீஸ் என்று ஓடுகிறவர்களுக்கு நான் தெரேசம்மாளைத்தான் முதலில் சொல்வேன். செபத்தில் ஓரளவு பழகி, அதற்கப்புறம் எங்கே போவது என்று திகைப்பவர்கள் அவிலா தெரேசாவிடம் போகலாம்.