16 பாட்டு, 16 ஊர்: 'ஃபிளைட் 666' வாங்கிப் பல வருடம் கழித்து

பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழு அயர்ன் மெய்டனின் 'ஃபிளைட் 666' 2009-ல் வந்தது. படமும் கச்சேரியும் இரண்டு டிவிடியில், பாட்டு மட்டும் இரண்டு சிடியில். அடுத்த வருடம் வாங்கினேன். அதற்குப் பிறகு வீடு மாறியிருக்கிறேன், ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறேன். இந்த டப்பா மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2008 பிப்ரவரி 1-ல் மும்பையில் தொடங்கி, 45 நாளில் 23 கச்சேரி. ஒரு போயிங் 757 விமானத்தின் பின்பக்க இருக்கைகளைக் கழற்றிச் சாமான் ஏற்ற இடம் செய்து, வாத்தியம், மேடை, வேலையாட்கள் எல்லாம் ஒன்றாகப் பறந்தார்கள். விமானத்தை ஓட்டியதே பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன்தான். கூடவே போய்ப் படம் எடுத்தவர்கள் சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன்.

முதல் தடவை பார்த்தபோது விமானம்தான் பிரமிப்பாக இருந்தது. இப்போது அந்தக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் போகிறேன். அலுக்காமல் நிற்பது கூட்டத்தின் முகங்கள். பொகோட்டாவில் கச்சேரி முடிந்ததும், மேடையிலிருந்து வீசிய டிரம் குச்சி ஒருவர் கையில் கிடைத்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதுகொண்டு நிற்பார். கேமரா அவரை எதுவும் கேட்காது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். அந்த இடத்தில் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கிறது.

இனி ஆல்பம். பதினாறு பாட்டும் பதினாறு ஊரில் பதிவானவை. மும்பையின் 'ஏசஸ் ஹை'யில் ஆரம்பித்து டொரண்டோவின் 'ஹாலோவ்ட் பி தை நேம்' வரை. ஆரம்பத்தில் இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. ஒரே ராத்திரியில் கச்சேரி களைகட்டி, பாடுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து சூடேறுகிற அந்த ஓட்டம் இதில் கிடையாது. அது வேண்டுமென்றால் இப்போதும் 2001 ஜனவரியில் பதிவான அவர்களுடைய இன்னொரு கச்சேரி ஆல்பம் 'ராக் இன் ரியோ'வைத்தான் எடுப்பேன்.

ஆனால் வருடக்கணக்கில் கேட்டபிறகு, அந்தக் குறைதான் இதன் ருசி என்று புரிந்தது. ஒவ்வொரு ஊர்க் கூட்டத்துக்கும் ஒரு குரல் இருக்கிறது. புவனோஸ் ஐரிஸின் 'ஃபியர் ஆஃப் த டார்க்'கை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கிடார் மெதுவாக ஒரு மெட்டை எடுக்கும். இரண்டாவது சுற்றுக்குள் கூட்டம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். வார்த்தையே இல்லாத கிடார் மெட்டை ஓ-ஓ என்று ஆயிரக்கணக்கானோர் சுதி விலகாமல் பாடுவார்கள், கிடார் அவர்களுக்குப் பக்கவாத்தியம் ஆகிவிடும். நியூ ஜெர்சியில் பதிவான 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியண்ட் மரினர்' நேர் எதிர். பதின்மூன்று நிமிடப் பாட்டு, நடுவே எல்லாம் அடங்கி, கப்பல் மரம் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும். அங்கே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது காதில் விழுகிற மாதிரி இருக்கும்.

கெவின் ஷர்லியின் ஒலிக்கலவை இதற்குத் தோதாக இருக்கிறது. ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடார் குதிரைப் பாய்ச்சலாக முன்னால் வரும். மூன்று கிடாரும் ஒன்றாகும்போது மட்டும் சின்ன ஸ்பீக்கரில் கொஞ்சம் கலங்குகிறது. பெரிய ஸ்பீக்கர் வந்தபிறகு அந்தப் புகார் எனக்கு இல்லை. படத் தொகுப்பில்தான் ஒரு மனக்குறை மிச்சம் இருக்கிறது: காட்சிகளை வெட்டுகிற வேகம் அதிகம். கிடார் வாசிக்கிற ஏட்ரியன் ஸ்மித்தின் விரல்களை நாலு விநாடி சேர்ந்தாற்போல் பார்க்க விட மாட்டார்கள். கிடார் கற்கிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

நான் அதிகம் கவனிக்கிறவர் டிரம்மர் நிக்கோ மெக்பிரைன். பயணத்தின் நடுவில் கோல்ஃப் பந்து மணிக்கட்டில் பட்டு வலியோடு வாசிப்பதும் படத்தில் இருக்கிறது. முன்பு அதைச் சாதாரணமாகக் கடந்துவிடுவேன். 2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மீண்டு வந்து வாசித்தார். 2024 டிசம்பரில் சாவ் பாலோ கச்சேரியோடு பயணக் கச்சேரிகளிலிருந்து விலகிக்கொண்டார்.

செய்தி வந்த ராத்திரி இரண்டாவது டிவிடியை எடுத்து, அதே சாவ் பாலோவில் 2008-ல் பதிவான 'ஹெவன் கேன் வெயிட்'டைப் போட்டேன். டிரம்கள் மலைபோல் அடுக்கியிருக்க, ஆள் பாதிதான் தெரிவார். பாட்டு முடிந்ததும் பின்னால் ஓட்டி, அவர் தெரிகிற இடங்களை மட்டும் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.