தருமபுரியில் மின் ஒப்பந்ததாரர் சங்கம்: பல வருட உறுப்பினரின் அனுபவம்

தருமபுரி வட்டாரத்தில் வீட்டு ஒயரிங்கும் சின்னப் பட்டறை வேலைகளும் எடுத்துச் செய்கிறேன். லைசென்ஸ் வாங்கிய கையோடு உள்ளூர் ஒப்பந்ததாரர் சங்கத்தில் சேர்ந்தேன், இன்றும் சந்தா கட்டுகிறேன். "சேர்ந்தா என்னண்ணா பிரயோஜனம்?" என்று புதிதாக உரிமம் எடுக்கிற தம்பிகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

வேலை பிடித்துத் தரும் என்று நம்பிச் சேராதீர்கள். எனக்கு வந்ததெல்லாம் மேஸ்திரிகளும் பழைய வாடிக்கையாளர்களும் சொல்லி வந்த வேலைகள். சங்கம் போடுகிற பாயிண்ட் ரேட்டும் (ஒரு லைட்டுக்கு, ஒரு பிளக்குக்கு இவ்வளவு கூலி என்பது) நிற்காது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவோம், அடுத்த வாரமே யாராவது குறைத்துக் கொட்டேஷன் கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் ஏன் இருக்கிறேன்? எர்த்துக்காக, அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வேலைக்காக. நம் பக்கத்து நிலம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பல இடங்களில் நாலடி தோண்டுவதற்குள் பாறை வந்துவிடும். காரிமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில் எர்த் டெஸ்டரில் (எர்த்தின் தடையை அளக்கிற மீட்டர்) ரீடிங் 20 ஓமுக்குக் கீழே இறங்கவே இல்லை. தடை குறைந்தால்தான் கரண்ட் மண்ணுக்குள் நன்றாகப் போகும். எர்த் குழியில் உப்பையும் கரியையும் இன்னும் கொட்டலாம் என்றார்கள் பட்டறைக்காரர்கள். சங்கத்து மூத்தவர் ஒருவரைக் கூப்பிட்டேன். தன் வேலையை விட்டுவிட்டு வந்தார். சிமெண்ட் மூட்டை அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்ப். மோட்டார் பாடியில் கரண்ட் இறங்கினாலும் 16 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்) விழாது, தொட்டவன்தான் விழுவான்.

உப்பு நாலு மழைக்குக் கரைந்து போகும், மண்ணில் புதைத்த எர்த் பைப்பையும் அரித்துவிடும் என்றார். போர் மெஷினில் ஆழமாகத் துளை போட்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிற பெண்டோனைட் களிமண் கலவை நிரப்பச் சொன்னார். இன்னொரு எர்த் போட்டு இரண்டையும் சேர்ப்பதென்றால், நடுவில் குறைந்தது ஒரு பைப் நீளமாவது இடைவெளி வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் புதைத்தால் காசுதான் வீண் என்றார். மழைக்குப் பிறகு எடுக்கிற ரீடிங்கை நம்பக்கூடாது, பங்குனி சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போது அளந்து பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். எந்த வகுப்பிலும் எனக்கு இதை நம் ஊர் மண்ணை வைத்துச் சொல்லித் தந்ததில்லை.

எர்த் எவ்வளவு பாடுபட்டாலும் இறங்காத இடத்தில் உயிரைக் காப்பது, கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. சுவிட்ச். அதைப் பழைய வீடுகளில் மாட்டினால் சும்மா சும்மா விழும், வீட்டுக்காரர் "எடுத்துடுங்க தம்பி" என்பார். ஒரு சர்க்யூட் நியூட்ரலை இன்னொன்றோடு கலந்து வைத்திருப்பார்கள், அல்லது நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி அதைக் கண்டுபிடிக்கிற முறையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பலகையில் போர்டு கட்டியே காட்டினார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் ஆர்.சி.சி.பி.யைக் கழற்ற நான் சம்மதித்ததில்லை.

மற்ற உதவிகளும் உண்டு. உரிமம் தருகிற வாரியம் இருப்பது சென்னை கிண்டியில். புதுப்பிக்கும்போது எந்தத் தாளோடு எதை வைக்க வேண்டும் என்று சொல்ல இங்கேயே ஆள் இருக்கிறது. மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்), எர்த் டெஸ்டர்களை எல்லோருமாகச் சேர்த்து ஒரே தடவையில் கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு சரிபார்க்க, அனுப்புகிறோம். ஒரு கட்டடக்காரர் பணத்தை இழுத்தடித்தபோது நிர்வாகிகள் கூட வந்து உட்கார்ந்து பேசினார்கள், தவணையாக வந்து சேர்ந்தது.

குறையும் பெரிதாகவே இருக்கிறது. பல கூட்டங்களில் ஒயர் கம்பெனி ஆட்கள் பேசுவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. 2024இல் வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும், நாம் உடனே பயிற்சி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வெளியூர்க் கம்பெனிகள் வந்து நம் தெருக்களில் பேனல் மாட்டிப் போனார்கள். இன்னொன்று, வயர்மேன் பையன்களை உள்ளே விடுவதில்லை. கம்பத்திலும் சுவரிலும் கை வைப்பது அவர்கள்தான், இந்தப் பாடங்களை முதலில் கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் இதைச் சொல்லி வருகிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் சந்தா எவ்வளவு என்று கேட்பதற்கு முன், சைட்டில் எர்த் இறங்காமல் நின்றால் கூப்பிட்டவுடன் வருகிற மூத்தவர் யார் என்று விசாரியுங்கள். அப்படி இரண்டு பேர் இருந்தால் தாராளமாகச் சேரலாம்.