பௌச்சைட்டிஸ்: சிப்ரோவும் புரோபயாடிக்கும் ஆண்டுக்கணக்கில்

அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்காக (பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் நோய்) பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்த ஜே-பௌச் என்ற பையை வைத்துக்கொண்டவர்களுக்கு நாளுக்கு நான்கு முதல் எட்டு முறை மோஷன் போவது சகஜம். அது பன்னிரண்டைத் தாண்டி, அடக்க முடியாத அவசரமும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் பௌச்சைட்டிஸாக, அதாவது அந்தப் பையின் அழற்சியாக, இருக்கலாம். ஸ்கோப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்தம்தான் முக்கியத் தொந்தரவு என்றால், பௌச்சுக்குக் கீழே மிச்சம் விட்ட மலக்குடல் விளிம்பு புண்ணாகியிருக்கக்கூடும். அதற்கு சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்) உதவாது, ஆசனவாயில் வைக்கும் மெசலமைன் சப்போசிட்டரிதான்.

பௌச்சைட்டிஸுக்கு வழக்கமான கோர்ஸ் சிப்ரோ 500 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 14 நாள். இதைக் கெடுப்பது பெரும்பாலும் தயிர். கால்சியம் சிப்ரோவைப் பிடித்துக்கொண்டால் மருந்து ரத்தத்தில் ஏறாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பால், தயிர், மோர் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையோ ஆன்டாசிடோ எடுத்திருந்தால், ஆறு மணி நேரம் கழித்துத்தான் சிப்ரோ. குதிகால் தசைநாண் வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு ஆன்டிபயாடிக்கான மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை என்றால் நாளுக்கு 1.2 கிராம். 35 நாளில் மொத்தம் 42 கிராம் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் கால் விரல் மரத்துப்போகும் அபாயம் கூடுகிறது. எத்தனை மாத்திரை போட்டோம் என்று காலண்டரிலேயே குறித்து வைப்பது நல்லது. வாயில் துரு ருசி வருவது வேறு விஷயம், சகித்துக்கொள்ளலாம்.

நிறுத்தியதும் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு டாக்டர்கள் குறைந்த டோஸில் தொடரச் சொல்வார்கள், அல்லது சிப்ரோ, மெட்ரோனிடசோல், ரிஃபாக்ஸிமின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை மாற்றிமாற்றித் தருவார்கள். கேட்டுக்கொண்டிருந்த மருந்து திடீரென்று கேட்காமல் போனால் டோஸை நீங்களாக ஏற்ற வேண்டாம். மோஷன் கல்ச்சரும், சி-டிஃப் (குடலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

புரோபயாடிக்கின் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகளின் கலவை) வேலை, ஆன்டிபயாடிக் நோயை அடக்கிக் கொடுத்த பிறகுதான் தொடங்குகிறது. 2000-இல் வெளியான இத்தாலிய ஆய்விலும் அடங்கியவர்களுக்கே கொடுத்தார்கள்: ஒன்பது மாதத்தில் 20 பேரில் மூவருக்குத்தான் திரும்பியது, வெற்று மருந்து எடுத்த 20 பேருக்கும் திரும்பிவிட்டது. அங்கே கொடுத்தது நாளுக்கு 6 கிராம், அதாவது 1.8 லட்சம் கோடி கிருமிகள். 11,250 கோடி உள்ள கேப்ஸ்யூல் என்றால் நாளுக்கு 16! ஒன்றிரண்டு போட்டுவிட்டுப் 'பிரயோஜனமில்லை' என்று நிறுத்துகிறவர்களே அதிகம். வீட்டுத் தயிர் இதற்கு ஈடாகாது.

ஆய்வில் இருந்த விஎஸ்எல்#3 கலவை அமெரிக்காவில் 2016 முதல் விஸ்பயோம் என்ற பெயரில் வருகிறது, ஐரோப்பாவில் விவோமிக்ஸ். பழைய பெயரை மட்டும் நம்பி வாங்கினால் வேறு கலவை கைக்கு வரும். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. கூரியரில் வாங்கினால் ஐஸ் ஜெல் உருகிப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சூடான கஞ்சியில் கலந்தால் கிருமி செத்துவிடும், ஆறிய தண்ணீர் போதும். முதல் சில நாள் வயிறு உப்பும். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

நான்கு வாரம் ஆன்டிபயாடிக் எடுத்தும் அடங்கவில்லையா? இன்னொரு கோர்ஸ் வாங்கி நாளைக் கடத்தாமல் வெடோலிசுமாப் பற்றிக் கேளுங்கள். ஐரோப்பாவில் 2022-இல் பௌச்சைட்டிஸுக்கென்றே அனுமதி பெற்ற ஊசி அது.