கீல் வைத்த முழங்கால் பட்டை: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருத்துவ உபகரணங்கள் விற்கும் கடையொன்றில் என் தாயாருக்காக வாங்கிய, இருபுறமும் கீல் வைத்த முழங்கால் பட்டையைப் பற்றிய மதிப்பீடு இது. முழங்காலின் உட்பக்கத் தசைநார் சற்றுக் கிழிந்திருப்பதால் கால் பக்கவாட்டில் சாயாமல் இருக்க எலும்பு மருத்துவர் இதை எழுதிக்கொடுத்தார். இழுத்து மாட்டிக்கொள்ளும் சாதாரண ‘நீ கேப்’ கதகதப்பும் லேசான இறுக்கமும் தருமே ஒழியச் சாய்வைத் தடுக்காது. அந்த வேலையைச் செய்பவை ஓரங்களில் உள்ள அலுமினியத் தகடுகளும் அவற்றை இணைக்கும் கீல்களும்தான்.

ஆகவே கீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதவுக் கீல் ஒரே அச்சில் சுழலும். முழங்கால் மடங்கும்போதோ தொடையெலும்பு கீழெலும்பின்மேல் உருண்டும் வழுக்கியும் நகர்வதால், அதன் அச்சு ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒற்றை ஆணியில் சுழலும் கீல் இந்த நகர்வோடு ஒத்துப்போகாததால், நடக்க நடக்கப் பட்டை நழுவி இறங்கக்கூடும். நாங்கள் வாங்கியதில் இரண்டு சிறு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுழல்கின்றன. விலை கூடுதல்தான், ஆனாலும் அம்மா டவுன் பஸ் படி ஏறும்போதுகூட அது இடம் மாறவில்லை. கால் நேரானதும் கீல் நின்றுவிடுவதால் முழங்கால் பின்னோக்கி வளைவதும் இல்லை.

கடைக்காரரைப் பாராட்ட வேண்டும். உத்தேசமாக ஓர் அளவை எடுத்து நீட்டாமல், அம்மாவை நிற்கவைத்து நாடாவால் சுற்றளவு எடுத்து, பெட்டியில் அச்சிட்டிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் தந்தார். கீலின் நடுப்பகுதி முழங்கால் சில்லின் நடுவுக்கு நேராக அமைய வேண்டும் என்பதையும் மாட்டிக் காட்டினார். இதில் தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த பட்டையாலும் பயனில்லை.

குறைகளும் உண்டு. பட்டையின் நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) துணி நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையைத் தேக்கி அரிப்பை உண்டாக்குகிறது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி சுற்றிய பிறகே அம்மாவால் பொறுக்க முடிந்தது. வெல்க்ரோ, நூல்சேலையின் இழைகளைப் பற்றி இழுக்கிறது. சம்மணமிட்டு உட்காரும்போது தகடு உறுத்துவதால் கழற்றிவிட வேண்டியிருக்கிறது. கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும் என்பதால், தகடுகளைத் தனியே உருவி எடுக்க முடியாத வகையை இந்த ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.