ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரே நாள்: மெர்சிடிஸ் அருங்காட்சியகமா, போர்ஷேயா?

முதலில் கிழமையைப் பாருங்கள். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை.

போக: மெர்சிடிஸுக்கு எஸ்1 ரயிலில் நெக்கார்பார்க் நிலையம், இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். போர்ஷேக்கு எஸ்6 ரயிலில் நொய்விர்ட்ஸ்ஹவுஸ். நிலையத்தை ஒட்டியே கட்டடம்.

அளவு: மெர்சிடிஸில் (திறந்தது 2006) ஒன்பது தளங்கள், சுமார் 160 வண்டிகள். போர்ஷேயில் (2009) 80 வண்டிகள்தான்.

நேரம்: மெர்சிடிஸுக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். போர்ஷேக்கு ஒன்றரை போதும்.

மெர்சிடிஸில் லிஃப்ட் உங்களை உச்சிக்குக் கொண்டுபோய் விடும். கதவு திறந்ததும் எதிரே நிற்பது வண்டி அல்ல, ஒரு வெள்ளைக் குதிரை! அங்கிருந்து 1886-இல் தொடங்கிச் சரிவுப்பாதையில் இறங்கிக்கொண்டே வர வேண்டும். வரலாற்று அறைகள் ஏழு, தனித் தொகுப்பு அறைகள் ஐந்து. இரண்டும் பின்னிப்பின்னி இறங்குகின்றன. பலர் மேல்தளங்களிலேயே ஆடியோ கருவியில் ஒரு விளக்கம் விடாமல் கேட்டு நேரத்தைத் தீர்த்துவிட்டு, அடியில் சாய்ந்த ஓடுதளத்தில் நிற்கும் பந்தயக் கார்களை ஓட்டமும் நடையுமாகப் பார்க்கிறார்கள். நேரம் குறைவென்றால் வரலாற்று அறைகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொகுப்பில் போப்பாண்டவரின் வண்டியை மட்டும் எட்டிப் பார்க்கலாம்.

போர்ஷேயில் நுழைவுக்கூடத்திலிருந்தே கண்ணாடி வழியே பட்டறை தெரியும். பழைய எஞ்சினைப் பிரித்துப்போட்டு வேலை நடப்பதைப் பார்க்க வார நாளில் போவதே சரி. வண்டிகளை அடிக்கடி மாற்றுவதால் குறிப்பிட்ட மாடலை நம்பிப் போகாதீர்கள்.

கார்ப் பித்து இல்லாதவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் மெர்சிடிஸ். போர்ஷேயின் 911 மாடல் என்றாலே கண் விரிபவருக்கு, அல்லது அரை நாளே கையில் இருப்பவருக்கு, போர்ஷே.