கோட்டையில் வேடம் கட்டி மூன்று வருடம்: எனக்கு உதவிய பயிற்சிகள்

மட்டக்களப்புக் கோட்டைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அந்தக் காலத்துத் தோணிக்காரன் வேடத்தில் கதை சொல்கிறேன். சம்பளமில்லாத வேலை, மூன்று வருடமாகிறது. இதை எங்கே பழகலாம் என்று பலர் கேட்பதால், எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பிரீமன் டில்டன் 1957இல் எழுதிய 'இன்டர்பிரட்டிங் அவர் ஹெரிட்டேஜ்', பாரம்பரிய இடங்களை வருபவர்களுக்கு எப்படி விளக்குவது என்று சொல்லும் நூல். உதாரணங்களில் அமெரிக்கப் பூங்காக்கள்தான் அதிகம், கொஞ்சம் பொறுமை வேண்டும். அதிலுள்ள ஆறு கோட்பாடுகளில் கடைசியானது, பெரியவர்களுக்குச் சொல்வதையே தண்ணீர் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்காதே, வழியே வேறு என்கிறது. அதுவரை நான் "1628இல் போர்த்துக்கேயர் கட்டினர், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர்" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இப்போது மதிலில் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, "இந்தக் கல்லை யார் சுமந்திருப்பார்கள்?" என்று கேட்கிறேன். ஒரு பிள்ளை, தன் அப்பா மேசன் என்றாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை ஓட்டிக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்கு அவளே விளக்கினாள்.

அடுத்தது அமெரிக்காவின் பிளிமத் அருங்காட்சியக முறை. அங்கே ஆங்கிலேயக் குடியேறிகளாக வேடமிடுபவர்கள் 17ஆம் நூற்றாண்டை விட்டு வெளியே வருவதில்லை. நானும் ஒரு வருடம் அப்படியே நின்றேன். ஒருநாள், சுனாமியில் அழிந்த கடலோர ஊரான நாவலடியைச் சேர்ந்த அம்மம்மா ஒருவர், "மனே, சுனாமி நேரம் இஞ்ச தண்ணி வந்ததா?" என்று கேட்டார். வேடத்தைக் கலைக்காமல், "அது என்ன அம்மா?" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. நாவலடி பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்றுவரை அந்த முகம் மறக்கவில்லை.

பிறகுதான் அறிந்தேன்: அதே பிளிமத்தில் வம்பனோவாக் பூர்வகுடியினர் பழங்கால ஆட்களாக நடிப்பதில்லை. இன்றைய மனிதர்களாகவே தம் முன்னோரைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் அவர்களிடமிருந்துதான் பழக வேண்டும்.

எனக்கு அதிகம் தந்தவர் எங்கள் ஊர் அண்ணாவியார், கூத்துப் பழக்குபவர். கூத்தாடும் வட்டமான மேடையான வட்டக்களரியில் நாலா பக்கமும் ஆட்கள் இருப்பார்கள், ஒரு பக்கத்துக்கே முதுகைக் காட்டி நிற்க முடியாது. மைக் இல்லாமல் வெட்டவெளியில் குரல் எடுக்கவும் அங்கேதான் பழகினேன். அப்புறம், கட்டியகாரன்! ராசாவின் வரவைச் சபைக்குச் சொல்பவன். இப்போது நான் முதலில் கட்டியகாரனாக வந்து தோணிக்காரனை அறிமுகப்படுத்துகிறேன், பிறகு நாலு நிமிடம் தோணிக்காரனாகப் பேசுகிறேன், கடைசியில் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு உட்காருகிறேன். சுனாமியைப் பற்றியும் கேட்கிறார்கள், சொல்கிறேன்.

புதிதாகச் சேர்பவர்களைக் கூத்துப் பழக்கும் இடத்துக்கு இரண்டு இரவு கூட்டிப்போகிறேன். டில்டனை அதற்குப் பிறகுதான் கையில் கொடுக்கிறேன்.